அறுபதுக்கு மேல் ஐந்து நாள்

சிலருக்குக் குறுக்கெழுத்துப் புதிர் எப்படியோ, எனக்குப் படிவம் அப்படி. கட்டம் கட்டமாக நிரப்பிக் கடைசியில் கையெழுத்துப் போட்டால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அதனால் விசாரணை அதிகாரியான நீங்கள் கொடுத்த இந்த வாக்குமூலப் படிவம் எனக்கொரு சிரமமே இல்லை. 'நடந்ததை விவரிக்கவும்' என்ற இடத்தில்தான் நாலே வரி விட்டிருக்கிறீர்கள். தனித்தாள் இணைத்திருக்கிறேன்.

திரைப்பட ஊக்கத்தொகைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வந்து படம் எடுத்தால் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் திருப்பித் தரும். சும்மா தராது. வசனம் பேசுகிற வேஷங்களில் பாதி உள்ளூர்க்காரர்களுக்குப் போக வேண்டும். முந்தின ஒரு வருஷத்தில் அறுபது நாளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர் உள்ளூர்க்காரர் இல்லை. பிறந்து வளர்ந்தது இங்கேயாக இருந்தாலும் இல்லை. அந்த நாள்கணக்கைச் சரிபார்ப்பதுதான் எங்கள் வேலை.

என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். "ஏழாம் எண் பேருந்து இருபது நிமிடம் தாமதமாக வரும்" என்று கேட்குமே, அந்தக் குரல் அவளுடையது. இருபத்திரண்டு வருஷமாக ஊரே கேட்கிறது, முகத்தைப் பார்த்தவர்கள் இல்லை. ஒரு வெளிநாட்டுப் படத்துக்கு நடிகர் தேடி வந்த பெண்மணி பேருந்தைத் தவறவிட்டு உட்கார்ந்திருந்தவர், இந்தக் குரலைக் கேட்டு மாடியிலிருக்கும் அறிவிப்பு அறைக்கே ஏறிப் போய்விட்டார். நீதிபதி வேஷம். பத்தொன்பது வசனம், எல்லாம் நம் மொழியில்.

எனக்குச் சந்தோஷம்தான். அந்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனியுங்கள்.

ஒருநாள் சாயங்காலம் வெங்காயம் நறுக்கியபடி வசனம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போய், பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசலை அடைத்து வண்டி நிறுத்துவதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். "உட்காருங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை" என்றாள்.

உட்கார்ந்துவிட்டேன். அது வசனம் என்று பிறகுதான் தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் முழங்கால் மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அது எனக்குத் தெரியாமல் மடங்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் அவளுடைய கோப்பு வந்தது. குடும்பத்தாரின் கோப்பை நான் தொடக்கூடாது என்பது விதி. தொடவில்லை. எதிர் மேஜைக்காரரிடம் தள்ளிவிட்டேன். அவர் நல்ல மனுஷர்.

"சார், அண்ணி பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னு எழுதியிருக்காங்க. அவங்க அக்கா ஆபரேஷனுக்கு மார்ச் மூணாம் தேதி வெளிநாடு போனாங்க, சரி. எப்ப திரும்பினாங்க?"

"மே ஏழு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்படின்னா அறுபத்தஞ்சு நாள் ஆயிடும்."

"ஆனா ஆகட்டும். வீட்டுக்கொரு விதியா?"

அவர் கண் கலங்கிவிட்டது. சொந்த மனைவிக்கே சலுகை காட்டாத மனுஷன் என்று கேன்டீன் முழுக்கச் சொல்லி வைத்தார். விமான நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. பெண்டாட்டிக்கு வந்த அதிர்ஷ்டத்தைக் கெடுக்க எந்தப் புருஷன் பொய் சொல்வான்?

அவள் திரும்பியது ஏப்ரல் பத்தொன்பது. நாற்பத்தேழு நாள்தான். பெட்டியைத் தூக்கிவந்ததே நான்தான். பாஸ்போர்ட்டும் தொலையவில்லை. எங்கள் அலுவலகத்தில் காகிதம் அரைக்கிற இயந்திரத்தில் போட்டேன். அட்டை கொஞ்சம் முரண்டு பிடித்தது.

வேஷம் வேறொருத்திக்குப் போனது. வீட்டில் அவள் விடவில்லை.

"ஏப்ரல்லயே வந்துட்டேனேங்க. லீவு மிச்சமிருக்குன்னு மூணு வாரம் வீட்டிலேயே இருந்தேன். திரைச்சீலையெல்லாம் துவைச்சேன்."

"அது அதுக்கு முந்தின லீவும்மா. நீ குழப்பிக்கிற."

"அப்படியா?"

அக்காவுக்குப் போன் போட்டாள். ஆபரேஷன் ஆன நேரம், அக்காவுக்கு நாளும் தெரியவில்லை, கிழமையும் தெரியவில்லை.

ஒரு தேதியோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் தனியாக ஒரு மறதி நம்பும்படி இருக்காது, துணைக்கு நாலு வேண்டும். அவள் அணைத்துவிட்டுப் போன அடுப்பை மறுபடி பற்றவைத்து, "அடுப்பை அணைக்கலையா?" என்று கேட்டேன். ஆணியில் தொங்கிய சாவியைச் சர்க்கரை டப்பாவில் வைத்து, அவளையே கண்டுபிடிக்க விட்டேன். திட்டியதே இல்லை. தலையைத் தடவிக்கொடுப்பேன்.

டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். இரண்டு மாத்திரை எழுதினார். வேளை தவறாமல் என் கையால்தான் கொடுக்கிறேன். சாப்பிட்டால் கொஞ்சம் மந்தமாகிறாள், அவ்வளவுதான். பேருந்து நேரத்தை மாற்றிச் சொல்லி யாரையாவது தவிக்கவிட்டுவிடுவோமோ என்று பயந்து வேலையை விட்டுவிட்டாள். இப்போது அங்கே பதிவு செய்த குரல் ஓடுகிறது.

படக் கம்பெனி புகார் கொடுத்து, விமான நிலையப் பட்டியல் உங்கள் கைக்கு வந்து, எதிர் மேஜைக்காரரின் கவனக்குறைவு என்று நீங்கள் முடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது அநியாயம். ஒருவர் செய்யாத தப்பை அவர் தலையில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. செய்தது நான். தெரிந்தேதான் செய்தேன்.

தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தாளை அவளிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். என்னைக் கேட்காமல் ஒரு அடி எடுத்துவைப்பதில்லை என்கிற நல்ல நிலைமைக்கு இப்போதுதான் வந்திருக்கிறாள்.