வெறும் வயித்து மாத்திரை

எனக்கா? ஐயோ வேணாம் கண்ணு, எனக்கு டீ வேணாம். உன் வீட்டுக்காரரு போயிட்டாரா? ரெண்டு டீன்னு கையக் காட்டிட்டியே. சரி விடு, வந்தா பாத்துக்கலாம்.

இப்படி நகந்து உக்காரு. அந்த ஃபேன் பேருக்குத்தான் சுத்துது, காத்து எதுத்த பெஞ்சுக்குத்தான். ரத்தம் குடுத்துட்டியா? நானும் குடுத்துட்டேன். ரிப்போர்ட் கைக்கு வர்றவரைக்கும் இந்த பெஞ்சு நமக்கு மாமியார் வீடு. எந்திரிச்சுப் போகவும் முடியாது, நிம்மதியா உக்காரவும் முடியாது.

உனக்கும் தைராய்டுதானா? புதுசா? அட, அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப்போடுற. மாத்திரைய ஒழுங்கா முழுங்குனா அது பாட்டுக்குக் கெடக்கும். கூடுச்சுன்னா ஓட வைக்கும், கொறஞ்சா தூங்க வைக்கும். எனக்குக் கொறச்சல். அந்தத் தூக்கத்தக் கேளு. நான் துணிக் கம்பெனில காஜா மெஷின்ல இருக்கேன், சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடுற வேலை. உக்காந்தபடியே கண்ணு சொருகி, ஒரு சட்டைக்குப் பாக்கெட்டுல காஜா அடிச்சிட்டேன். சூப்பர்வைசரம்மா அதத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஏண்டி, உள்ள வெக்கிற காசு மூச்சு விடுறதுக்கான்னு கேட்டா. ஹாலே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிக்கிறதுக்கே மூச்சு வாங்குச்சு.

அப்புறம்தான் எங்க வீட்டுக்காரரு என்னைய இங்க இழுத்துட்டு வந்தாரு. லேத் பட்டறைல வேலை அவருக்கு. இரும்பையே சீவித் தள்ளுற மனுசன், ஊசியப் பாத்தா மயக்கம் வரும். உள்ள வரமாட்டாரு, வாசல்லயே நின்னுக்குவாரு. இன்னைக்கா? இல்ல, இன்னைக்கு நான் தனியாத்தான் வந்தேன்.

டாக்டரு அன்னைக்கே தெளிவாச் சொன்னாரு. எந்திரிச்சதும் வெறும் வயித்துல, வெறும் தண்ணில முழுங்கணும், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு டீ கூடாது, பால் கூடாது, ஒண்ணும் கூடாது. நானும் பெரிய படிப்புப் படிச்சவ மாதிரி தலைய தலைய ஆட்டுனேன். வாசல்ல நின்ன மனுசன் காதுல விழுந்தது என்னன்னா, எந்திரிச்சதும் மாத்திரை. அவ்வளவுதான். இவளோ எந்திரிக்கவே மாட்டேங்குறா, எப்படி எழுப்புறதுன்னு யோசிச்சாரு போல. மறுநாள் காலைல தலைமாட்டுல ஒரு கிளாஸ் டீ.

நீ நம்பமாட்ட. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அடுப்பு எந்தப் பக்கம் திருகுனா எரியும்னு தெரியாத ஆளு. கட்டில் ஓரத்துல உக்காந்து கிளாஸ நீட்டுறாரு. டீயா அது? சக்கரைல கொஞ்சம் டீய ஊத்துன மாதிரி. மேல ஆடை மெதக்குது. கிளாஸ்ல பட்டறை கிரீஸ் வாசம் வேற. நான் குடிக்கிற வரைக்கும் என் வாயவே பாத்துக்கிட்டு இருப்பாரு, பரீட்சை எழுதிட்டு மார்க்குக்கு நிக்கிற மாதிரி. எப்படி இருக்குன்னு வேற கேட்டுக்குவாரு. கிரீஸு தூக்கல், டீத்தூளு கம்மின்னு சொல்வேன். ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போவாரு.

அந்த மனுசங்கிட்ட போயி டீ கூடாதுன்னு எப்படிச் சொல்றது, சொல்லு. ஒரு வாய் டீ என்ன பண்ணிரப்போகுதுன்னு மாத்திரைய உள்ள போட்டு அது மேலயே டீய ஊத்திக்குவேன். தெனமும் அப்படித்தான்.

ஆமா கண்ணு, தப்புதான். நீ அப்படிப் பண்ணித் தொலைக்காத, தண்ணியோட முழுங்கு. எனக்கு ஒவ்வொரு டெஸ்டுலயும் கொறச்சலாவே வந்துச்சு. மாத்திரைய தெனமும் போடுறீங்களாம்மான்னு டாக்டரு கேப்பாரு. போடுறேன்னு சொல்வேன், பொய்யில்லயே. மாத்திரை அளவக் கூட்டுவாரு. மறுபடி கேப்பாரு, மறுபடி கூட்டுவாரு. கூட்டிக் கூட்டி ஒரு வழியா ஒரு எடத்துல வந்து நின்னுச்சு. மூஞ்சி வீக்கம் போச்சு, தூக்கம் தெளிஞ்சுச்சு. காஜாவும் காஜா இருக்க வேண்டிய எடத்துக்கு வந்துச்சு. கம்பெனில ராணி மாதிரி இருந்தேன்.

இப்ப எதுக்கு வந்தேனா? அதத்தான சொல்ல வர்றேன். அதே மாத்திரை, அதே அளவு, திடீர்னு எல்லாம் தலைகீழாப் போச்சு. சும்மா உக்காந்திருந்தாலே நெஞ்சு படபடங்குது. வேர்த்துக் கொட்டுது. தூக்கமே இல்ல. ஜாக்கெட்டு எல்லாம் தொளதொளங்குது. கை நடுக்கத்துல ஊசில நூல் கோக்க முடியல. சூப்பர்வைசரம்மா வந்து என் கையவே பாத்துக்கிட்டு நின்னா. கிண்டல்கூடப் பண்ணல, அதுதான் எனக்கு பயமாப் போச்சு. கை நிக்கிற வரைக்கும் பேக்கிங்ல இருன்னுட்டா. என் மெஷின்ல வேற ஒருத்தி உக்காந்திருக்கா. நான் சட்டைய மடிச்சு மடிச்சு அட்டைப்பெட்டில அடுக்கிக்கிட்டு, அவ முதுகப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

டாக்டரு மண்டையச் சொறிஞ்சாரு. சாப்பாடு மாறிச்சா, வேற மருந்து எதுவும் எடுக்குறீங்களா, என்ன மாறிச்சு யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. ஒண்ணும் மாறல சார், காலைல டீதான் நின்னு போச்சுன்னேன். எந்த டீன்னாரு. சொன்னேன். தலைல கைய வெச்சுக்கிட்டாரு. இத்தன நாளும் டீ பாதி மருந்த உடம்புல சேர விடாம தடுத்திருக்கு, அது தெரியாம நானும் கூட்டிக்கிட்டே போயிருக்கேன், இப்ப டீ இல்லன்னதும் முழு மருந்தும் உள்ள போகுதுன்னாரு. அதாவது அந்தப் பெரிய மாத்திரைல பாதி எங்க வீட்டுக்காரரு டீக்கு, மிச்சம்தான் எனக்கு. கொறச்சு எழுதிக் குடுத்தாரு. அதத்தான் இப்ப போட்டுக்கிட்டிருக்கேன். இன்னைக்கு அளவு சரியா வந்துச்சுன்னா அதுதான் எனக்குன்னு உள்ள அளவு.

டீய ஏன் நிறுத்துனேனா? டாக்டரு அத மட்டும் கேக்கல. இப்பவாவது திருந்துனீங்களேன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு.

நான் எங்க கண்ணு நிறுத்துனேன். அன்னைக்குக் காலைல டீ வரல. மாத்திரைய உள்ளங்கைல வெச்சுக்கிட்டு கண்ண மூடிப் படுத்துக் கெடக்கேன். வரட்டும், இன்னைக்கு என்ன சொல்லி வம்பிழுக்கலாம்னு யோசனை. பால் பொங்கித் தீஞ்ச வாசம் வருது. இன்னும் ஒரு பால் காய்ச்சத் தெரியலியான்னு கத்திக்கிட்டே எந்திரிச்சுப் போனேன். அடுப்பு அது பாட்டுக்கு எரியுது. மனுசன் கீழ கெடக்காரு. கைல டீ வடிகட்டி.

ஹார்ட்டுன்னாங்க.

ம். இல்ல, நீ எதுக்குக் கண்ணத் தொடைக்கிற. அப்புறம் வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் ஏக்கம்னுதான் சொன்னாங்க. கை நடுங்குதா, ஏக்கம். எளைச்சுட்டாளா, ஏக்கம். தூக்கம் வரலையா, அதுவும் ஏக்கம். டாக்டரு ஒருத்தருதான் மாத்திரை கூடிப்போச்சுன்னாரு. அதக் கேட்டதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. மாத்திரைன்னா கொறச்சுக்கலாம்ல.

ஆனா இந்த வெரலப் பாரு. கொறச்சும் இன்னும் ஆடுது. ரிப்போர்ட்டு சரியில்லன்னு வந்தா பரவால்ல, இன்னும் கொஞ்சம் கொறைப்பாரு. எல்லாம் சரியா இருக்குன்னு வந்துட்டா? அப்புறம் யார் மேலம்மா பழியப் போடுறது? அதான் உக்காந்ததுலேர்ந்து உன் காத அறுத்துக்கிட்டு இருக்கேன்.

தோ, வந்துட்டாரே உன் வீட்டுக்காரரு. குடுங்க தம்பி, ரத்தம் குடுத்தாச்சு, இனிமே என்ன. இருங்க, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குறேன், சிந்திரும்.

சே. வாயில வெக்க முடியல. ஒரே சக்கரை, மேல ஆடை வேற.

இல்ல இல்ல, வாங்காதீங்க தம்பி, கீழ ஊத்தாதீங்க. இருக்கட்டும். எனக்குப் பழகுன டீதான்.