மாடியில் பூட்டிய சக்கர நாற்காலி

"நடக்க முடியாதவுக ஓட்டுப் போட வாராகளா இல்லையான்னு எண்ணுறதுக்கு ஒரு படிப்பா?" என்று அப்பா கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அதைத்தான் படிக்கிறேன்.

தேர்தல் முடிந்த வாரம், திருவாதவூரிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில், வாக்குச்சாவடியில் வேலை பார்த்தவரும் அவர் நண்பரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சக்கர நாற்காலி வந்துச்சாண்ணே?"

"வந்துச்சு மாப்ள. களவு போயிரும்னு மாடி ரூமுல வச்சுப் பூட்டிட்டேன்."

"யாரும் கேக்கலையா?"

"நம்மூரு டெய்லர் தவழ்ந்து வாசல் வரைக்கும் வந்தாப்ல. மேல போயி எடுத்துக்கன்னு சாவியக் குடுத்தேன். திரும்பிப் போயிட்டாப்ல."

"ஓட்டுப் போட இஷ்டமில்ல போல."

"அப்படித்தான் நானும் எழுதிக் குடுத்தேன்."

என் டிக்கெட் மதுரை வரை இருந்தது. பையில் ஆய்வுக் கேள்வித்தாளும் எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் மனுப் படிவமும் இருந்தன. அவர்கள் இறங்கிய ஊரிலேயே இறங்கி, டெய்லர் கடைக்கு வழி கேட்டேன்.