பாயில் எறும்பு

டாக்டரம்மா: ஓகோ... பூசாரியப் பாத்தாச்சு, தாயத்துக் கட்டியாச்சு, பொழுது சாஞ்சா தண்ணி குடுக்கறதையும் நிறுத்தியாச்சு. அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்தீங்க? வழி தப்பியா?

சென்றாயன்: அதில்லீங்க... எட்டு வயசுப் பொண்ணு பாயில மூத்திரம் போறாளுங்க. ஊரே சிரிக்குது.

டாக்டரம்மா: ஊரு சிரிக்கலைன்னா இன்னும் வந்திருக்கவே மாட்டீங்க. ஏம்மா, சின்னதுலேருந்தே இப்படியா?

சாலம்மாள்: இல்லீங்கம்மா. மூணு வயசோட நின்னு போச்சு. இந்தத் தைக்கு அப்புறந்தான் திரும்பவும்...

சென்றாயன்: கொழுப்புங்க.

டாக்டரம்மா: எலும்பைத் தவிர ஒண்ணையும் காணோமே. கொழுப்பை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்கா?

சாலம்மாள்: நல்லாத்தாங்க திங்கறா. ஆனா இளைச்சுக்கிட்டே போறா. தண்ணிக்குத்தான் பறக்கறா. நேத்து மாட்டுத் தொட்டியில வாய வெச்சுக் குடிச்சிருக்கா...

டாக்டரம்மா: பெத்தவங்க குடுத்திருந்தா அவ ஏம்மா மாட்டோட போட்டிக்குப் போறா? ஆமா... உள்ளங்கையில என்ன புண்ணு?

சென்றாயன்: அடுப்புல... தவறி விழுந்துட்டாளுங்க.

டாக்டரம்மா: கெட்டிக்கார அடுப்பு. உள்ளங்கையை மட்டும் பாத்துச் சுட்டிருக்கு. எப்போ?

சாலம்மாள்: ஒரு மாசமாச்சுங்க. ஆறவே மாட்டேங்குது.

டாக்டரம்மா: ம்... பாயில எறும்பு வருதா?

சென்றாயன்: வராம? நாங்க வெல்லம் காச்சறவங்க. வூட்டுப் பானையில திருடித் தின்னுட்டு, பாவாடையில தொடைச்சுக்கிட்டுப் படுத்துக்கறா.

டாக்டரம்மா: தின்னதப் பாத்தீங்களா?

சென்றாயன்: எறும்பு பொய் சொல்லுங்களா?

டாக்டரம்மா: பொண்ணு என்ன சொன்னா?

சாலம்மாள்: எடுக்கலை ஆத்தா, எடுக்கலை ஆத்தான்னு...

டாக்டரம்மா: எறும்பும் பொய் சொல்லலை, பொண்ணும் சொல்லலை. வந்ததும் வாங்கின அவ மூத்திரத்தை நீல மருந்துல விட்டுக் காய்ச்சினேன். செங்கல் நெறமாயிடுச்சு. அவ்வளவும் சக்கரை. எறும்பு அதுக்குத்தான் வந்துச்சு. இது சக்கரை நோய்.

சென்றாயன்: கொழந்தைக்கா? அது பணக்காரங்களுக்கு வர்றதில்லீங்களா?

டாக்டரம்மா: அந்த நோய் உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கணும், தப்புதான். இன்னைக்கே அந்தக் கரியில ஓடற பஸ்ஸைப் புடிச்சு சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இதைப் பாக்கறதுக்குன்னே அங்க ஒரு டாக்டர் இருக்கார். தினம் ஊசி போட்டாத்தான் பொழைப்பா.

சென்றாயன்: வெள்ளாமையப் பாத்துட்டு, அமாவாசை கழிஞ்சு...

டாக்டரம்மா: தாராளமா. அதுக்குள்ள எறும்புக்கும் வேலையில்லாம போயிடும்.

சாலம்மாள்: ஐயோ... இன்னைக்கே போறோமுங்க!

டாக்டரம்மா: வழியெல்லாம் கேட்ட தண்ணியைக் குடுங்க. அங்கயும் புண்ணைப் பத்திக் கேப்பாங்க. அடுப்புன்னே சொல்லுவீங்களா?

சென்றாயன்: ஆமாங்க... அடுப்புதான்...

சாலம்மாள்: அடுப்பில்லீங்கம்மா. தின்னேன்னு ஒத்துக்க மாட்டேன்னா. இவரு கையைப் புடிச்சுக்கிட்டாரு... கரண்டியைக் காய வெச்சு சூடு போட்டது நாந்தாங்க.