கிளியின் கழுத்து வரை

ஏற்காட்டுக் குளிரில் மிளகாய் பஜ்ஜிக்கு ஆசைப்படாதவர் யாருமில்லை, ஐயா. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் போன வருடம் எங்கள் எழுத்தாளர் முகாமில் நான் கதை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொருவராக நழுவி ஒண்டிக்கடை முக்குக்கு பஜ்ஜி தின்னப் போய்விட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் காலி நாற்காலிகள். அவமானமாக இருந்தது.

அதனால் இந்த வருடம் ஒரு விதி கொண்டுவந்தேன். வாசிப்பவர் அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். செல்போன்கள் லாட்ஜ் ஆபீசில் இருக்கும். விதியைக் கேட்டதும் பலர் முகாமுக்கே வரவில்லை. சூசைமாணிக்கம், கமலா என்று இரண்டு எழுத்தாளர்கள் மட்டும் வந்தார்கள். மனதாரச் சம்மதித்துத்தான் வந்தார்கள்.

ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனை ஓர் இளவரசன் தேடிப்போய்க் கொல்லும் கதையை அவரவர் பாணியில் திருப்பி எழுத வேண்டும், அதுதான் பயிற்சி. காலையில் அதைப் பற்றிப் பேசினோம்.

"கிளி கழுத்தத் திருகறப்ப கேக்கறவன் கண்ணுல தண்ணி வரோணுங்க. உங்க எழுத்துல அந்த உயிரு இன்னும் வரலீங்க" என்றார் சூசைமாணிக்கம்.

நல்ல விமர்சனம். நான் கோபப்படவில்லை. மதியச் சோறு மட்டும் இறங்கவில்லை.

சாயங்காலம் நான் வாசித்தேன். அரக்கன் அறிமுகமாகும் இடத்திலேயே சூசைமாணிக்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினார். சந்தேகங்களைக் கடைசியில் கேட்கலாம் என்றேன்.

"ஏனுங்கண்ணா, அவருக்கு நொம்ப வேர்க்குதுங்க. இந்தக் குளிர்ல இப்பிடி வேர்க்குமாங்க? கதவத் தொறங்க" என்றார் கமலா.

"கதை புடிச்சா அப்பிடித்தான் அம்மிணி. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கதவைத் தட்டினார், ஜன்னலைத் திறந்து கத்தினார். வெளியே மூடுபனி, பக்கத்து அறைகள் காலி. கடைசியில் என் சட்டைப் பையிலேயே கையை விடப் பார்த்தார். படித்த பெண்மணி செய்கிற காரியமா அது? தள்ளிவிட்டு, நின்றபடியே வாசித்தேன். இளவரசன் அப்போது மூன்றாவது கடலில்தான் இருந்தான். சுருக்கி வாசித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். என் எழுத்தில் சுருக்குவதற்கு ஒன்றுமில்லை, ஐயா.

நான் எதையும் மறைக்கவில்லை. அது மாரடைப்பு என்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் அப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போனார். சாவி என் பையிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. ஏழு கடலையும் வாசித்து முடித்தபோது சூசைமாணிக்கம் இறந்திருந்தார்.

என் வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இளவரசன் கிளியின் கழுத்தைத் திருகிய அந்த வரியில், சூசைமாணிக்கத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலியால் வந்தது என்கிறார் கமலா. பாவம், அவருக்கு எப்போதுமே ரசனை போதாது.