ராசா வாற வாசல்

சுபாஸ்: பத்தியண்ணை, டேப்பின்ர மற்றத் தலைப்பை இழுத்துப் பிடியுங்கோ.

பத்திநாதன்: பிடிச்சிட்டன், ஓவசியர். எவ்வளவு காட்டுது?

சுபாஸ்: நாலரை அடி! பிளானில மூண்டடி. உடுப்பு மாத்திற அறையில இருந்து மேடைக்கு வாற வாசலே இது... லொறி போற வாசலே?

பத்திநாதன்: பழைய மண்டபம்... திருத்தேக்க சுவர் கொஞ்சம் சுருங்கிப்போச்சு போல...

சுபாஸ்: ஒண்டரை அடி சுருங்கினதோ? வாற ஞாயிறு திறப்பு விழா. கொழும்பால ஆர்க்கிடெக்ற் வாறார். பிளானில இந்த வாசலுக்குப் பக்கத்தில அவர் என்ன எழுதினவர் தெரியுமே? "மனித அளவின் மௌனம்" எண்டு.

பத்திநாதன்: அவற்ற மௌனத்துக்கு மேசன் என்ன செய்யிறது...

சுபாஸ்: கூடின ஒண்டரை அடியைக் கல்லு வைச்சு அடையுங்கோ. இண்டைக்கே.

பத்திநாதன்: ஐயோ, வேண்டாம்! உண்மையைச் சொல்லுறன்... கோவிக்கப்படாது.

சுபாஸ்: சொல்லுங்கோவன்.

பத்திநாதன்: ஞாயிறு கூத்தெல்லோ. சண்டை முடிஞ்சு சனம் முகாமுகளில இருந்து விடத்தல்தீவுக்குத் திரும்பி ஆடுற முதல் கூத்து. ராசாவின்ர உடுப்பு பிரம்பு வளைச்சுக் கட்டினது, கோழிக்கரப்பு மாதிரி விரிஞ்சு நிக்கும். மூண்டடிக்குள்ளால...

சுபாஸ்: பக்கவாட்டில வரலாம்தானே?

பத்திநாதன்: நண்டே, ராசா?

சுபாஸ்: அப்ப மேடையில வந்து உடுக்கட்டும்.

பத்திநாதன்: சனத்துக்கு முன்னால சாரத்தோடயோ!

சுபாஸ்: ஆர்க்கிடெக்ற்றைக் கேட்டிருக்கலாம்.

பத்திநாதன்: கேட்டனான். ராசாவைச் சுருக்கச் சொன்னார்.

சுபாஸ்: ம்... ஆற்ற உடுப்பை வைச்சு அளந்தனீங்கள்?

பத்திநாதன்: முதலாம் ராசாவின்ர...

சுபாஸ்: அதார்?

பத்திநாதன்: தெரியாத மாதிரிக் கேக்கிறியள்... நான்தான்.

சுபாஸ்: சரி. கல்லு வைக்க வேண்டாம்.

பத்திநாதன்: மாதாவே! அப்ப ஆர்க்கிடெக்ற்?

சுபாஸ்: மௌனம் கொஞ்சம் கொழுத்துப்போச்சு எண்டு நான் சொல்லுறன்.

பத்திநாதன்: பெரிய உபகாரம் ஓவசியர். பூச்சைத் தொடங்கட்டே?

சுபாஸ்: பொறுங்கோ. இன்னும் அரையடி இடியுங்கோ.

பத்திநாதன்: ஏன்? எனக்கு இது காணுமே!

சுபாஸ்: விடியுமட்டும் நீங்கள் ஒராளே ஆடுறது? நடுச்சாமத்துக்குப் பிறகு அதே வேசத்துக்கு ரெண்டாம் ராசா வரவேணுமெல்லோ?

பத்திநாதன்: எட்வேட்டோ? அவன் என்னிலும் ஒல்லி. கால் வேற சுளுக்கி...

சுபாஸ்: அதுதான் அண்ணை... அவன் சுளுக்கின நாளில இருந்து கூத்துப் பழக்கிற அண்ணாவியார் அவன்ர இடத்துக்கு என்னைத்தான் ரகசியமாப் பழக்கிறார். கந்தோரில மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!