ஊர்க்கூடத்துப் பந்தி

மாலை ஐந்தரை மணி. நவம்பர் மாதம். ஜெர்மனியில் அந்நேரத்துக்கே கும்மிருட்டு...

என் நண்பன் சாஹிலின் பெரியப்பா மகன் இலியாஸுக்கு நடந்தது இது. மத்திகிரிக்காரன். ஓசூரில் ஃபிட்டர் வேலை. மூன்று மாத டிரெய்னிங்குக்குக் கம்பெனி அனுப்பியிருந்தது. அறை கிடைத்தது ஒரு குக்கிராமத்தில். முந்நூறு பேர். கடை கிடையாது, வாரம் இரண்டு முறை ரொட்டி வண்டி வரும். ஊர்த்தலைவரே டிராக்டர் ஓட்டுவார். தீப்பிடித்தால் ஊர்க்காரர்களே வண்டியெடுத்து ஓடி அணைப்பார்கள். எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் போனால் மட்டும் மன்னிக்க மாட்டார்கள்.

அன்று பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டது. இரண்டு கிலோமீட்டர் நடை. பனிமூட்டம். சாணியும் விறகுப் புகையும் கலந்த வாடை. சரக்... சரக்... அவனுடைய பூட்ஸ் சத்தம் மட்டும்.

ஊருக்குள் வந்தால் எல்லா வீட்டிலும் ஜன்னல் ஷட்டர் இறக்கியிருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஊர்க்கூடத்தில் மட்டும் வெளிச்சம்.

ஏதோ விசேஷம் போல என்று கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். நீள மேஜைகள், வெள்ளைத் துணி. நாற்பது கிழங்கள் விறைப்பாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்பூன் சத்தம் இல்லை.

பார்த்துவிட்டு வணக்கம் சொல்லாமல் போவது எப்படி? கையைத் தூக்கினான்.

நாற்பது தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

மூன்றாவது வரிசையில்... வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட லுங்கி. அவனைப் பெற்ற அத்தா. மத்திகிரியில் இருக்க வேண்டிய கௌஸ் மொய்தீன்.

அத்தா உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, 'வா' என்று அசைத்தார். அந்த நாட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அடுத்த நொடி... நாற்பது கைகளும் அப்படியே அசைந்தன.

ஓடினான். வீட்டுக்கார அம்மா ஹெல்கா கதவைத் திறந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தக் கூடம் கொரோனா காலத்திலேயே பூட்டியாயிற்று" என்றாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு அவன் தோளைப் பிடித்து, மெல்ல... "அங்கே எதையாவது சாப்பிட்டாயா?"

"இல்லை."

அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

ஊருக்குப் போன் போட்டான். இங்கே ராத்திரி பத்தரை தாண்டியிருந்தது. எடுத்தது அத்தாதான்.

"அத்தா... நல்லாருக்கீங்களா?"

"எனக்கென்னடா? இப்பத்தான் கண்ணசந்தேன். ஒரு கனா... ஒரே வெள்ளக்காரங்க. பந்தி போட்டிருந்தாங்க. நீ ஜன்னலாண்ட நின்ன. கூப்புட்டேன், வராம ஓடிட்ட."

ஹெல்கா கேட்டதையே இலியாஸும் கேட்டான். "நீங்க... சாப்பிட்டீங்களா அத்தா?"

"நல்லா வயிறு முட்டத் தின்னேன்டா. என்னா ருசி!"

மறுநாள் காலை இலியாஸின் அம்மா ரஹமத் பீவி புருஷனுக்கு இட்லி வைத்தாள். பசிக்கலை என்றார். மத்தியானமும் பசிக்கலை. ராத்திரியும்.

இதோடு எட்டு மாதம். மனுஷன் ஒரு வாய் சோறு தொடவில்லை...

இளைக்கவும் இல்லை.