நானூற்றிப் பன்னிரண்டு கூப்பன்

ஜெயனி: இந்தக் கண்ணாடியையும் கழட்டிறதோ அக்கா?

பொன்மலர்: விடு. சுவரோடை ஒட்டினது, உடைஞ்சுபோம். வாற ஆக்கள் முகம் பாக்கட்டும்.

ஜெயனி: ஆர் வருகினமாம்?

பொன்மலர்: போன் திருத்திற கடையாம். பார்லர் நடந்த இடமெண்டு ஒருத்தருக்கும் ஞாபகமிராது... ஏன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்? பூட்டுறது என்ரை கடை, உன்ரை இல்லை.

ஜெயனி: பதினொரு வருசம் நிண்டிருக்கிறன். எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு.

பொன்மலர்: ஓம், ஓம்... கோவிக்காதை.

ஜெயனி: அந்தப் பெடியன் வந்த அண்டைக்கே வேண்டாமெண்டு சொன்னனான்.

பொன்மலர்: எந்தப்—

ஜெயனி: கொழும்பிலையிருந்து வந்த, கூப்பன் விக்கிற வெப்சைற்காரன். “அம்பது பேர் சேர்ந்தால்தான் அக்கா விலை குறையும், சேராட்டி உங்களுக்கு ஒரு நட்டமுமில்லை” எண்டு இந்தக் கதிரையிலை இருந்து கதைச்சவன்.

பொன்மலர்: அம்பது பேர் சேராட்டி மானம் போயிடும் எண்டு நான் பயந்தனான். நானூற்றிப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் என்ன செய்யிறதெண்டு கேக்கத் தோன்றேல்லை.

ஜெயனி: பாதி விலைக்குப் பேஷியல். அந்தப் பாதியிலையும் பாதி அவங்களுக்கு.

பொன்மலர்: ஒருக்கா வந்தவை பிறகும் வருவினம் எண்டு நினைச்சன்.

ஜெயனி: ஒருத்தரெண்டாலும் திரும்பி வந்தவையே?

பொன்மலர்: இல்லை... கரவெட்டியிலையிருந்து வான் பிடிச்சு வந்தவை, நினைவிருக்கே? ஒன்பது பேர்.

ஜெயனி: ஒன்பது பேருக்கும் ஒன்பது கூப்பன். அண்டைக்குத்தான் கனகாம்பிகை ரீச்சரும் வந்தவ. மகளின்ரை கலியாணத்துக்கு முதல்நாள்.

பொன்மலர்: தெரியும்.

ஜெயனி: கடை திறந்த நாளிலையிருந்து வாற மனிசி. ரெண்டு மணித்தியாலம் அந்த வாங்கிலை இருந்தவ. நீங்கள் நிமிந்தும் பாக்கேல்லை.

பொன்மலர்: நிமிந்தால் அவவின்ரை முகத்தைப் பாக்கோணும். எழும்பிப் போகேக்கை, “பரவாயில்லை பொன்மலர், உமக்கு வேலை கூட” எண்டிட்டுப் போனவ. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாய் இருந்திருக்கும்.

ஜெயனி: என்ரை கையைப் பாருங்கோ. இன்னும் மாறேல்லை. பிளீச் பட்டுப் பட்டுத் தோல் உரிஞ்சு... சின்னவளுக்குச் சோறு குழைச்சுக் குடுக்க ஏலாமல் கிடந்தது.

பொன்மலர்: லீவு எடுத்திருக்கலாம்.

ஜெயனி: கேட்டனான். “இன்னும் இருநூறு பேர் கிடக்கினம், நீயும் போனால் நான் என்ன செய்ய” எண்டனியள்.

பொன்மலர்: ...ஓம். சொன்னனான். ஆறு மாசத்துக்குள்ளை எப்ப வந்தாலும் செய்து குடுக்கோணும், இல்லாட்டிக் காசைத் திருப்பிக் குடுக்கோணும் எண்டு கையெழுத்து வைச்சாச்சு. நான் வேறை என்னத்தைச் சொல்ல?

ஜெயனி: பிறகு அந்த வெப்சைற்றிலை கொமென்ற் வந்தது.

பொன்மலர்: “துவாய் நாறுது. ஒராளுக்குப் போட்டதைத் தோய்க்காமல் மற்றாளுக்குப் போடுகினம்.”

ஜெயனி: பாடமாக்கி வைச்சிருக்கிறியள்.

பொன்மலர்: அது பொய்யுமில்லைத்தானே. மழைக்கிழமை. தோய்ச்சது ஒண்டும் காயேல்லை.

ஜெயனி: அதை வாசிச்சும் கூப்பன்காரர் வராமல் விடேல்லை.

பொன்மலர்: காசு கட்டினவை விடுவினமே? தங்கடை துவாயைக் கையோடை கொண்டெல்லோ வந்தவை. வராமல் விட்டது எங்கடை ஆக்கள்தான். பள்ளிக்கூடத்து ரீச்சர்மார், பாங்கிலை வேலை செய்யிற பிள்ளையள்... ரீச்சரின்ரை மகளுக்குத் தலை கட்ட மானிப்பாயிலையிருந்து ஆள் வந்ததாம்.

ஜெயனி: அக்கா...

பொன்மலர்: சொல்லு.

ஜெயனி: நீங்கள் இனி என்னோடை கதைக்காட்டியும் பரவாயில்லை. அதை எழுதினது நான்.

பொன்மலர்: நீயோ?

ஜெயனி: கூப்பன்காரர் அருவருத்து வாறதை நிப்பாட்டிடுவினம், தாங்களாய் வராமல் விட்டால் காசும் திருப்பிக் குடுக்கத் தேவையில்லை, ரெண்டுபேரும் கொஞ்சம் மூச்சு விடலாம் எண்டு நினைச்சன். எங்கடை ஆக்கள் அதை வாசிப்பினமெண்டு யோசிக்கேல்லை.

பொன்மலர்: ஏன் அழிக்கேல்லை?

ஜெயனி: அடுத்தநாளே அழிக்கப் போனனான். அதுக்குள்ளை கீழை ஒருத்தி எழுதிப்போட்டாள், “உண்மைதான், எனக்கும் அங்கை போய்த்தான் முகத்திலை புண் வந்தது” எண்டு. ஒருத்தி சொன்னால் பொறாமை எண்டு விட்டிருப்பினம். ரெண்டுபேர் சொன்னாப்பிறகு, என்ரையை மட்டும் அழிச்சால் ஆர் நம்பாமல் விடுவினம்? எங்கடை கையாலை ஒருத்தருக்கும் புண் வரேல்லை அக்கா. அந்தப் பொய்காரி ஆரெண்டு மட்டும் எனக்குத் தெரிஞ்சால்...

பொன்மலர்: அது நான் பிள்ளை. துவாய் நாறுதெண்டதுக்குக் கூப்பன்காரர் வாறதை நிப்பாட்டமாட்டினம், இன்னும் கடுமையாய் ஏதும் சொல்லோணும் எண்டு நினைச்சன்.